கிளம்பும் நாளில் வரலாறும் கூட வருமா?

மென்பொருள் குழுக்களை நடத்தும் டீம் லீடுகளுக்கும் மேனேஜர்களுக்கும், கருவிகளுக்கான செலவுக்குக் கையெழுத்துப் போடும் கொள்முதல் பிரிவு நண்பர்களுக்கும்,



லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தால் நம் அலுவலகங்களில் ஓர் எக்செல் தாள் சுற்றத் தொடங்கும். ஒரு பக்கம் கிட், சப்வெர்ஷன். மறுபக்கம் பெர்ஃபோர்ஸ், கிளியர்கேஸ், பிளாஸ்டிக் எஸ்.சி.எம். ஆளுக்கு என்ன விலை, சப்போர்ட் உண்டா, எத்தனை பேரைத் தாங்கும் என்று கட்டங்கள் நிரம்பும். கடைசியில் ஒருவர் “ஓப்பன் சோர்ஸ்தான் இலவசமாச்சே” என்பார். இன்னொருவர் “ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க?” என்பார். அத்தோடு கூட்டம் முடியும். அந்தத் தாளில் ஒரு கட்டம் எப்போதும் விடுபட்டே இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இந்தக் கருவியை விட்டு நாம் வெளியேறும் நாளில், நம் நிரலின் வரலாறு முழுதாக நம்மோடு வருமா? விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நிரல் இன்றைக்கு எப்படி ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் இப்படி ஓடுகிறது என்பதற்கு அதன் வரலாறு மட்டுமே சாட்சி. வட்டிக் கணக்கில் ஒரு ரவுண்டிங் வரி இருக்கும்; பார்ப்பவருக்குப் பிழை போலத் தோன்றும். எப்போதோ ஒரு கிளையண்ட் கேட்டு, தணிக்கையாளர் ஒப்புக்கொண்டு, ஒருவர் யோசித்து எழுதிய வரி அது. கமிட் குறிப்பு இருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும். இல்லாவிட்டால் புதிதாக வந்தவர் நல்ல எண்ணத்தோடு அதை மாற்றிவிடுவார். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். நம் ஊரில் மனை வாங்கப் போகிறவர் இன்றைய பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார், வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். பல பேருடைய பல வருட உழைப்பு அடங்கிய ஒரு ரெப்போவுக்கு அந்த அக்கறையில் பாதியைக்கூட நாம் காட்டுவதில்லை.

இதற்கு நான் அறிந்ததிலேயே பெரிய எடுத்துக்காட்டு லினக்ஸ் கெர்னல். கிட் பிறந்த கதையாக இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேறொரு பகுதிக்காக இதைச் சொல்கிறேன்.

1991-இல் தொடங்கிய கெர்னல் வேலை, முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்த வெர்ஷன் கன்ட்ரோல் கருவியும் இல்லாமலே நடந்தது. மின்னஞ்சலில் வரும் பேட்ச்களை லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கையால் சேர்ப்பார். அப்போது இருந்த திறமூலக் கருவியான சி.வி.எஸ்ஸை அவர் ஏற்கவே இல்லை. 2002 பிப்ரவரியில் பிட்கீப்பருக்கு மாறினார். லாரி மெக்வாய் நடத்திய பிட்மூவர் என்ற நிறுவனத்தின் தனியுரிமைக் கருவி அது. கெர்னல் எழுதுபவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. இலவசமாகப் பயன்படுத்துகிறவர் போட்டிக் கருவி எதையும் உருவாக்கும் வேலையில் ஈடுபடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் உள்ளிட்ட பலர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். இருப்பதில் நல்ல கருவி எதுவோ அதைப் பயன்படுத்துகிறேன் என்பது லினஸின் நிலை. கருவி நிஜமாகவே நல்ல கருவிதான். எழுதும் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதி, அவரவர் கிளையில் அவரவர் வேலை என்ற முறையைக் கெர்னல் உலகம் அதில்தான் பழகியது.

சாம்பா மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பர் லைசென்ஸ் பெறாதவர்களும் வரலாற்று விவரங்களைப் பார்க்க வேண்டும் என்று, அந்த சர்வரோடு பேசும் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். அவர் பிட்கீப்பரைப் பயன்படுத்தியவரும் அல்லர். அதன் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டவரும் அல்லர். 2005 ஏப்ரலில் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், டெல்நெட் வழியாக சர்வரோடு இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டினாலே அது ஏற்கும் கட்டளைகளின் பட்டியலைத் தருவதை அவர் எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். மெக்வாய் இந்த முயற்சியை வேறு விதமாகப் பார்த்தார். அந்த மாநாட்டுக்கு முன்பே, இலவசப் பதிப்பை நிறுத்துவதாக அவர் அறிவித்துவிட்டார். உலகின் மிகப் பெரிய கூட்டு மென்பொருள் வேலை ஒன்று நட்டநடுவில் கருவி இல்லாமல் நின்றது.

லினஸ் 2005 ஏப்ரல் 3 அன்று கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாட்களில் கிட் தன் நிரலைத் தானே பராமரிக்கும் நிலைக்கு வந்தது. அதே மாதத்தில் மெர்க்கூரியல் என்ற இன்னொரு திறமூலக் கருவியும் இதே காரணத்தால் பிறந்தது. ஜூன் மாதம் வெளியான 2.6.12 கெர்னலைக் கிட்தான் சுமந்தது. ஜூலையில் கிட்டின் பராமரிப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்குப் போனது. வெற்றிக் கதையாக இது இங்கேயே முடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு இருக்கிறது. கெர்னலின் கிட் ரெப்போவில் முதல் கமிட்டைத் திறந்து பாருங்கள். தேதி 2005 ஏப்ரல் 16. 2.6.12-இன் இரண்டாவது முன்வெளியீடு முழுவதும் ஒரே மூட்டையாக உள்ளே வந்திருக்கும். பழைய வரலாறு இருந்தும் அதை இப்போது இறக்கவில்லை என்று லினஸ் அந்த கமிட் குறிப்பிலேயே எழுதினார். கிட்டுக்குள் கொண்டுவந்தால் 3.2 ஜிகாபைட் ஆகும்; தொடக்க நாட்களில் அந்தச் சுமை தேவையில்லை என்பது அவர் கணக்கு. பின்னர் வேறு சிலர் உழைத்து, பழைய வரலாற்றைத் தனி ரெப்போவாகக் கட்டினார்கள். வேண்டுபவர் இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் முதன்மை ரெப்போவை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முன் எழுதிய ஒரு பழைய வரியை யார் எழுதியது என்று இன்று கேட்டால் பதில் ஏப்ரல் 16-இல் முட்டிக்கொண்டு நிற்கும். உலகின் தலைசிறந்த நிரலாளர்கள், ஒரு மாற்றுக் கருவியையே சில நாட்களில் எழுதக்கூடியவர்கள், அவர்களுக்கே வெளியேறும் நாளில் வரலாறு பின்தங்கியது. அதை மீட்டெடுக்க அவர்களிடம் ஆள் இருந்தது, பிறகு நேரமும் கிடைத்தது. உங்கள் குழுவில் அந்த வேலையை யார் செய்வார்?

மெக்வாயைக் குற்றம் சாட்ட எனக்கு மனம் வரவில்லை. தன் பிழைப்பைக் காத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. நிபந்தனைகள் ஒளித்து வைக்கப்படவும் இல்லை, எழுத்தில் இருந்தன. 2016-இல் பிட்கீப்பரே அப்பாச்சி லைசென்ஸில் திறந்துவிடப்பட்டது. அதற்குள் உலகம் கிட்டுக்குப் போய்விட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு, தனியுரிமைக் கருவி எல்லாம் கூடாது என்கிறான் இவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில வேலைகளுக்குப் பெர்ஃபோர்ஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கேம் அல்லது அனிமேஷன் கூடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும். அங்கே நிரல் சிறுபகுதி. மற்றதெல்லாம் மாயா காட்சிக் கோப்புகள், அன்ரியல் எஞ்சினின் அசெட்டுகள், ஃபோட்டோஷாப் அடுக்குகள், ஒலித் துண்டுகள். ஒரே நிரல் கோப்பை இரண்டு பேர் திருத்தினால் மெர்ஜ் செய்யலாம். ஒரே முப்பரிமாண மாடலை இரண்டு பேர் திருத்தினால் மெர்ஜ் செய்ய வழியே இல்லை. ஒருவருடைய உழைப்பு வீணாகத்தான் வேண்டும். ஆகவே, ஒருவர் கோப்பை எடுத்தவுடன் மற்றவர்களுக்கு அது பூட்டப்பட வேண்டும். பெர்ஃபோர்ஸில் கோப்புகள் இயல்பாகவே படிக்க மட்டும் திறந்திருக்கும். திருத்தப் போகிறேன் என்று சர்வரிடம் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க முடியும். யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று சர்வருக்கு எந்த நேரமும் தெரியும். கிட்டின் பிறவிக் குணம் இதற்கு நேர் எதிர்: எல்லோரிடமும் முழுப் பிரதி, யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கெர்னலுக்கு அது வரம், ஓவியருக்கு அது தொல்லை. பெரிய கோப்புகளுக்காக 2015-இல் கிட் எல்.எஃப்.எஸ் வந்தது, பூட்டும் வசதியும் பின்னால் சேர்ந்தது. அவை உதவுகின்றன. ஆனாலும் வெளியிலிருந்து ஒட்டவைத்த உறுப்புகள் என்பது பயன்படுத்தும்போது தெரியும்.

அனுமதிகளும் அப்படியே. பெர்ஃபோர்ஸில் ஒரு ஃபோல்டரை ஒரு கான்ட்ராக்டருக்கு மட்டும் மறைக்கலாம். கிட்டில் ரெப்போவைக் கொடுத்தால் முழுவதையும் கொடுத்ததாகத்தான் அர்த்தம். மறைக்க வேண்டியதைத் தனி ரெப்போவாகப் பிரிக்க வேண்டும். சிப் வடிவமைக்கும் குழுக்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்த இடத்தில் எல்லோரும் மறந்துபோகும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சப்வெர்ஷன். முழுத் திறமூலம். கோப்பைப் பூட்டும் வசதி 2005-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே உண்டு. ஃபோல்டர் வாரியாக அனுமதி கொடுக்கலாம். தேவையான துண்டை மட்டும் இறக்கலாம். ஆவணங்களும் வரைபடங்களும் நிறைந்த, சர்வர் ஒன்றே போதும் என்ற அளவிலான குழுவுக்கு இன்றும் அது நேர்மையான தேர்வு. பழையது என்ற ஒரே காரணத்துக்காக அதை எக்செல் தாளிலிருந்து நீக்காதீர்கள்.

பெர்ஃபோர்ஸைப் பற்றி விற்பனையாளர்களே அதிகம் சொல்லாத ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அது உரை வடிவக் கோப்புகளின் வரலாற்றை ஆர்.சி.எஸ் வடிவத்தில் வட்டில் வைத்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி உருவாக்கிய, எல்லோருக்கும் தெரிந்த வடிவம் அது. தரவுத்தளத்தை ‘செக்பாயிண்ட்’ எடுத்தால் கிடைப்பதும் கண்ணால் படிக்கக்கூடிய உரைக்கோப்பு. பெர்ஃபோர்ஸிலிருந்து வரலாற்றோடு இறக்கிக்கொள்ளும் நிரலும் கிட்டுடனேயே வருகிறது. மூடிய கருவிதான், ஆனால் வெளியேறும் கதவு தாழிடப்படவில்லை. காசு கொடுத்து வாங்கும் கருவியில் நான் தேடும் குணம் இதுதான்.

எல்லா மூடிய கருவிகளும் அப்படி இருந்ததில்லை. விஷுவல் சோர்ஸ்சேஃப் நினைவிருக்கிறதா? 1994-இல் ஒன் ட்ரீ என்ற சிறு நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நம்மில் ஒரு தலைமுறை செக்-அவுட், செக்-இன் என்ற சொற்களைக் கற்றதே அதில்தான். தனி சர்வர் நிரல் கிடையாது. ஒரு பொது ஃபோல்டரில் ஒவ்வொருவர் கணினியும் நேரடியாக எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் அறுந்தால் தரவு சிதையும். பழுது பார்ப்பதற்கென்றே கூட ஒரு நிரலும் வந்தது. கடைசிப் பதிப்புக்கான ஆதரவு 2017-இல் முற்றிலும் முடிந்தது. கிளியர்கேஸின் கதை வேறு. 1992-இல் ஏட்ரியா என்ற நிறுவனத்திடம் பிறந்து, ப்யூர் ஏட்ரியா, ரேஷனல், ஐ.பி.எம் என்று கை மாறியது. இன்று அதன் ஒரு வடிவத்தை எச்.சி.எல் நிறுவனம் வெர்ஷன்வால்ட் என்ற பெயரில் விற்கிறது. ஆற்றல் மிக்க கருவி. ஆனால் இயங்குதளத்துக்குள் தனக்கென ஒரு கோப்பு முறைமையையே நிறுவும். அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வேண்டும். வருடங்கள் போகப் போக வரலாறும் அந்த ஆளின் அறிவும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படியொரு கருவியிலிருந்து வெளியேறினார்கள். லைசென்ஸ் முடியும் தேதி நெருங்கிவிட்டது. வரலாற்றை மாற்றித்தர நேரமும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. நிரலின் கடைசி நிலையை மட்டும் எடுத்து, ‘இனிஷியல் இம்போர்ட்’ என்று ஒரே கமிட்டாகப் புதிய ரெப்போவில் போட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பழைய கேள்விக்கும், வேலையை விட்டுப் போனவர்களைத் தேடித் தேடி ஃபோன் செய்ய வேண்டியிருந்தது. “அண்ணா, இந்த இடத்துல ஏன் தொண்ணூறு நாள்னு போட்டிருக்கு, ஞாபகம் இருக்கா?” என்று கேட்ட இளைஞரின் குரலில் இருந்த தயக்கத்தை நான் கேட்டிருக்கிறேன். அவர் செய்த தவறு எதுவும் இல்லை. அவருக்கு முன் இருந்தவர்கள் செய்த ஒப்பந்தம் அவரை அந்த நிலையில் நிறுத்தியது.

உரிமையாளர் மாறுவதையும் மறந்துவிடாதீர்கள். கிறிஸ்டோபர் செய்வால்ட் 1995-இல் தொடங்கிய பெர்ஃபோர்ஸும் 2016-இலிருந்து முதலீட்டு நிறுவனங்களின் கைகளில் இருக்கிறது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒருவரோடு பேசிக் கையெழுத்திட்டுவிட்டு, அடுத்த புதுப்பித்தலில் முற்றிலும் வேறொருவரோடு பேரம் பேச வேண்டியிருக்கும். திறமூல லைசென்ஸில் நம் கையில் இருக்கும் பதிப்பை யார் வந்தாலும் திரும்பப் பெற முடியாது.

அந்த லைசென்ஸின் முழு வலிமை பெரிய இடங்களில்தான் வெளிப்படையாகத் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் நிரலை நெடுங்காலம் சோர்ஸ் டெப்போ என்ற கருவியில் வைத்திருந்தது. பெர்ஃபோர்ஸிடமிருந்து லைசென்ஸ் பெற்று மாற்றிக்கொண்ட கருவி அது. சொந்தமாக ஒரு வெர்ஷன் கன்ட்ரோல் கருவியை விற்கவும் செய்தது. அப்படிப்பட்ட நிறுவனம் 2017-இல் விண்டோஸைக் கிட்டுக்கு மாற்றியது. சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிகாபைட். மாற்றமே இல்லாத கிட்டால் அதைத் தாங்க முடியவில்லை. சாதாரண கட்டளைகளே நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் இழுத்தன. அவர்கள் கிட்டைத் திறந்து திருத்தினார்கள். தேவைப்படும் கோப்பை மட்டும் கேட்டவுடன் இறக்கும் ஓர் அடுக்கைக் கட்டினார்கள். அந்த உழைப்பின் ஒரு பகுதி 2022-இல் ‘ஸ்கேலர்’ என்ற பெயரில் கிட்டுக்குள்ளேயே சேர்ந்தது. இன்று கோவையில் பத்து பேர் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம்கூட அதைச் சும்மா பயன்படுத்தலாம். ஃபேஸ்புக் இதே சிக்கலோடு கிட் சமூகத்திடம் போனபோது ரெப்போவைப் பிரியுங்கள் என்ற அறிவுரைதான் கிடைத்தது. அது பிடிக்காமல், திறந்து மாற்ற எளிதாக இருந்த மெர்க்கூரியலை எடுத்து வளர்த்தார்கள். அந்த வேலையிலிருந்து வந்த சாப்ளிங் 2022-இல் வெளியானது. கூகுள் பத்து வருடங்களுக்கு மேல் ஒரே பெர்ஃபோர்ஸ் சர்வரில் தன் முழு நிரலையும் வைத்திருந்தது. அந்த வழி தீர்ந்தபோது பைப்பர் என்ற சொந்தக் கருவியை அடியிலிருந்து எழுத வேண்டி வந்தது. கூகுளால் எழுத முடிந்தது. நம்மால் முடியாது.

திறமூலத்துக்கும் செலவு உண்டு. இதை மறைத்துக் கிட்டைப் பரிந்துரைப்பவர்கள் நல்லது செய்வதில்லை. லைசென்ஸுக்குக் கொடுக்காத பணத்தில் ஒரு பங்கை ஓர் ஆளுக்குக் கொடுக்க வேண்டும். கிட் சர்வரைப் பார்த்துக்கொள்வது இன்னாருடைய வேலை என்று பெயர் சொல்லி எழுதிவைக்க வேண்டும். ‘டெவ்ஆப்ஸ் பையன் பார்த்துப்பான்’ என்று விட்டால், அந்தத் தம்பி வேறு வேலைக்குப் போகும் நாளில்தான் பேக்கப் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது தெரியும். பாதுகாப்புக் குறைகள் கிட்டிலும் வருகின்றன. ரெப்போவை குளோன் செய்யும்போதே அந்நிய நிரல் ஓடிவிடக்கூடிய ஒரு குறை 2024-இல் வெளியாகித் திருத்தப்பட்டது. திருத்தம் பொதுவெளியில் கிடைக்கும். உங்கள் கணினிகளில் அதை நிறுவ வேண்டியவர் உங்கள் ஆள்தான்.

சட்டப் பிரிவிலிருந்து ஒரு பயம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கிட் ஜி.பி.எல் லைசென்ஸில் இருக்கிறதே, நம் நிரலையும் திறந்துவிட வேண்டியிருக்குமோ என்பது. இல்லை. கிட்டில் உங்கள் நிரலை வைப்பதால் அந்த நிரலின் உரிமையில் எதுவும் மாறாது. கிட்டையே திருத்தி வெளியாருக்குக் கொடுத்தால்தான் அந்தத் திருத்தத்துக்கு நிபந்தனை பொருந்தும். இந்த ஒரு பயத்தால் தேவையில்லாத கருவிக்கு ஆண்டுதோறும் பணம் கட்டும் இடங்கள் உண்டு என்பது வருத்தமாக இருக்கிறது.

இனி, உங்களில் பெரும்பாலோருக்கான பகுதி. “நாங்க கிட்தானே சார், இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?” என்று இவ்வளவு நேரம் நினைத்திருப்பீர்கள். நீங்கள் பயன்படுத்துவது கிட் மட்டுமா?

காலையில் வந்து எதைத் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். கிட்ஹப், அல்லது பிட்பக்கெட், அல்லது கிட்லாப். கிட் திறமூலம். கிட்ஹப் அப்படி இல்லை; 2018-இல் 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்த தனியுரிமைச் சேவை. உங்கள் நிரலும் கமிட்டுகளும் கிட்டில் இருக்கின்றன. குளோன் செய்தவர் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றன. ஆனால் புல் ரிக்வெஸ்டில் நடந்த விவாதம், ‘இதை இப்படிச் செய்யாதீர்கள், அந்த வாடிக்கையாளரின் தரவு உடையும்’ என்று மூத்தவர் எழுதிய குறிப்பு, இஷ்யூக்கள், யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல், இவையெல்லாம் கிட்டில் இல்லை. அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. முன்பு கமிட் குறிப்பில் இருந்த ‘ஏன்’ இன்று மெல்ல மெல்ல அங்கே இடம் பெயர்ந்துவிட்டது. வாங்கும்போது திறமூலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறோம். பிட்கீப்பரில் கெர்னல் இருந்த நிலையில்தான் நம் வரலாற்றின் பாதி இருக்கிறது.

நடந்தவற்றையே சொல்கிறேன். 2015-இல் கூகுள் கோட் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் மூடியது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டங்களுக்கு உட்பட்டு, ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்த நிரலாளர்களின் தனி ரெப்போக்களைக் கிட்ஹப் முடக்கியது. ஈரானுக்கு முழுச் சேவையும் திரும்பியது 2021-இல்தான். மெர்க்கூரியலோடு பிறந்து வளர்ந்த பிட்பக்கெட், 2020-இல் மெர்க்கூரியல் ரெப்போக்களையே கைவிட்டது. உங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் பிட்பக்கெட் சர்வர் பதிப்புக்கான ஆதரவை அட்லாஸியன் 2024 பிப்ரவரியில் நிறுத்தியது. வைத்திருந்தவர்கள் கிளவுடுக்கோ வேறு பதிப்புக்கோ போக வேண்டியதாயிற்று. 2014-இல் கோட் ஸ்பேஸஸ் என்ற சேவையின் அமேசான் கணக்குக்குள் ஒருவன் புகுந்து தரவையும் பேக்கப்பையும் அழித்தான். நிறுவனமே மூடிவிட்டது.

இவற்றில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது கிட்லாபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது. பராமரிப்பின்போது முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிந்தது. பல வகை பேக்கப் முறைகள் வைத்திருந்தும் அந்த நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. அவர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். போனது எது, நின்றது எது என்று பாருங்கள். கிட் ரெப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் எழுதிய இஷ்யூக்கள், மெர்ஜ் ரிக்வெஸ்டுகள், பின்னூட்டங்கள் போயின.

கிட்ஹபை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல சேவை, பத்து பேர் கொண்ட குழு தானே சர்வர் நடத்துவதைவிட அங்கே இருப்பது பல நேரம் பாதுகாப்பானது. சொந்த இடம் வேண்டுமென்றால் கிட்லாபின் திறமூலப் பதிப்பு இருக்கிறது; ஃபோர்ஜெஜோ, கிட்டீ போன்ற சின்ன, இலகுவான திறமூல மென்பொருட்களும் இருக்கின்றன. எங்கே இருந்தாலும், முடிவெடுத்த காரணத்தைப் புல் ரிக்வெஸ்டில் மட்டும் விட்டுவிடாமல் கமிட் குறிப்பிலும் எழுதச் சொல்லுங்கள். கெர்னல் எழுதுபவர்கள் இன்றும் கமிட் குறிப்புகளைப் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். அவர்களுடைய ‘ஏன்’ ரெப்போவுக்குள்ளேயே பயணம் செய்கிறது.

சர்வீஸ் நிறுவனங்களில் இருக்கும் நண்பர்கள், கருவியைக் கிளையண்ட்தான் முடிவு செய்கிறார், நாங்கள் வி.பி.என் வழியாக உள்ளே போய் வருகிறோம், எங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். கமிட் குறிப்பு மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

மற்றவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அடுத்த புதுப்பித்தலுக்கு மூன்று மாதம் முன்னால், ஒரு நடுத்தர அளவு ப்ராஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவிக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தனிக் கணினிக்கு, முழு வரலாற்றோடு, அதை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். விற்பனையாளரின் உதவி இல்லாமல், உங்கள் ஆட்களே செய்ய வேண்டும். எடுத்து முடித்ததும் மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு வரியைக் காட்டி, இதை எழுதியவர் யார், காரணம் என்ன, மறுத்துப் பேசியவர் யார் என்று அந்தக் கணினியிலிருந்தே பதில் கேளுங்கள். பெர்ஃபோர்ஸோ கிட்ஹபோ சப்வெர்ஷனோ, எல்லாவற்றுக்கும் இதே சோதனை. எத்தனை கேள்விக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்பதை எக்செல் தாளில் விலைக்கு முந்தைய கட்டத்தில் எழுதுங்கள். விற்பனையாளர் வந்து உட்காரும்போது, ஒப்பந்தம் முடிந்த பின் எத்தனை நாள் எங்களால் பழைய தரவைப் படிக்க முடியும், எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தருகிறவரிடம் தைரியமாகக் காசு கொடுங்கள்.

அன்புடன்,
நெடுங்காலமாக ரிலீஸ் மேசையில் வேலை பார்க்கும் ஒருவர்